ஒப்பந்தக் கூலியும் அடிமையும் ஒன்றா? ஒரு வரலாற்று ஆசிரியரின் கேள்விக்குப் பதில்

கேள்வி: நான் மேல்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். அடிமை முறை பற்றிய பாடத்தின்போது ஒரு மாணவன் எழுந்து, "அமெரிக்காவில் வெள்ளைக்காரர்களும் அடிமைகளாக இருந்தார்களே, அயர்லாந்துக்காரர்களைக் கப்பலில் ஏற்றி விற்றார்களே, அப்புறம் கறுப்பின மக்களுக்கு மட்டும் என்ன தனிக் கணக்கு?" என்று கேட்டான். உடனே ஒரு மாணவி, "எங்கள் பாட்டியின் தாத்தா ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனவர். அவர் அடிமையாகத்தான் போனார் என்று வீட்டில் சொல்வார்கள்" என்றாள். இருவருக்கும் என்ன பதில் சொல்வது? ஒப்பந்தக் கூலி முறையும் அடிமை முறையும் எந்த இடத்தில் பிரிகின்றன?

பதில்: இரண்டும் ஒன்றல்ல. ஆனால் இந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடாதீர்கள். உங்கள் மாணவன் கேட்டதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. மாணவியின் வீட்டில் சொல்வதில் நிறையவே இருக்கிறது. எது எவ்வளவு என்று பிரித்துக் காட்ட வேண்டும்.

யார் அதிகம் துன்பப்பட்டார்கள் என்று அளக்க ஆரம்பித்தால் பேச்சுக்கு முடிவே வராது. சாட்டை யார் முதுகில் விழுந்தாலும் வலிக்கத்தான் செய்யும். 17ஆம் நூற்றாண்டு வர்ஜீனியாவில் ஆங்கிலேயக் கூலியும் ஆப்பிரிக்க அடிமையும் ஒரே புகையிலைத் தோட்டத்தில் பாடுபட்டார்கள். சில சமயம் சேர்ந்தே தப்பி ஓடினார்கள். அவர்களுடைய ஒரு நாள் வேலையை மட்டும் பார்த்தால் வித்தியாசம் பிடிபடாது. சட்டம் அவர்களைப் பற்றி என்ன எழுதி வைத்தது என்று பாருங்கள். இந்த வேலை என்றைக்காவது முடியுமா? எஜமான் அடித்தால் நீதிமன்றத்தில் போய்ச் சொல்ல முடியுமா? பிறக்கும் குழந்தை யாருக்குச் சொந்தம்? மூன்றாவது கேள்விதான் ஆணிவேர் என்பது என் கருத்து. வகுப்பில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல நேரமிருந்தால் அதைச் சொல்லுங்கள்.

முதலில் மாணவனின் கேள்வி. 1607இல் வர்ஜீனியாவில் ஆங்கிலேயரின் ஜேம்ஸ்டவுன் குடியிருப்பு உருவானது. சில ஆண்டுகளில் புகையிலை நன்றாக விலைபோக, தோட்டத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. இங்கிலாந்திலோ வேலையில்லாத ஏழைகள் ஏராளம். கப்பல் கட்டணம் கொடுக்க வழியில்லாதவர்கள், பொதுவாக 4 முதல் 7 ஆண்டுகள் உழைத்துக் கழிப்பதாக ஒப்பந்தம் போட்டுக்கொண்டு ஏறினார்கள். 1618க்குப் பிறகு, ஓர் ஆளின் பயணச் செலவை ஏற்பவருக்கு 50 ஏக்கர் நிலம் என்ற விதியும் வந்தது. ஆகவே ஆள் கொண்டுவருவதே ஒரு வியாபாரமாகிவிட்டது. 1630களிலிருந்து அமெரிக்கப் புரட்சி வரை அமெரிக்காவின் பிரிட்டிஷ் குடியேற்றங்களுக்கு வந்த ஐரோப்பியர்களில் பாதிக்கு மேல் இப்படி வந்தவர்கள் என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள்.

அவர்கள் வாழ்க்கை லேசானதல்ல. மாதக் கூலி கிடையாது. சாப்பாடு, துணி, படுக்க இடம், அவ்வளவுதான். எஜமான் ஒப்பந்தத்தை வேறொருவருக்கு விற்கலாம். ஆளும் கூடவே போக வேண்டும். எஜமானின் அனுமதியில்லாமல் கல்யாணம் செய்ய முடியாது. ஓடிப்போய்ப் பிடிபட்டால், ஓடியிருந்த நாட்களைப் போல இரண்டு மடங்கு கூடுதலாக உழைக்க வேண்டும். வேலைக்காரப் பெண் கர்ப்பமானால் அவளுடைய ஒப்பந்தக் காலம் நீளும். இதெல்லாம் போக, அந்தச் சதுப்பு நிலக் காய்ச்சலில் ஒப்பந்தம் முடியுமுன்பே செத்துப்போனவர்கள் ஏராளம்.

ஆனால் பிழைத்துக் கிடந்தவருக்கு ஒரு நாள் விடுதலை உண்டு, அதையும் சட்டமே எழுதி வைத்திருந்தது. 1705ஆம் ஆண்டு வர்ஜீனியச் சட்டப்படி, காலம் முடித்த ஆணுக்கு 10 புஷல் மக்காச்சோளம், 30 ஷில்லிங் பணம், ஒரு துப்பாக்கி. பெண்ணுக்கு 15 புஷல் சோளமும் 40 ஷில்லிங்கும். இதே சட்டம் வெள்ளைக்கார கிறிஸ்தவ வேலைக்காரரை நீதிபதியின் உத்தரவில்லாமல் துணியை உரித்துச் சாட்டையால் அடிக்கக் கூடாது என்றது. அடிமையைத் தண்டிக்கும்போது அவர் இறந்துபோனால் எஜமான் மீது குற்றமில்லை என்றும் இதே சட்டம்தான் சொன்னது. இரண்டு விதிகளும் ஒரே சட்டத்தில் இருக்கின்றன. மாணவனிடம் அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

இந்தப் பிரிவு ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1619இல் வர்ஜீனியாவுக்கு அங்கோலாவிலிருந்து பிடித்துவரப்பட்ட இருபது சொச்சம் ஆப்பிரிக்கர்கள் வந்தபோது அவர்களுடைய நிலை பற்றி அங்கே தெளிவான சட்டம் இல்லை. சிலர் பின்னாளில் விடுதலை பெற்று நிலம் வாங்கிப் பயிரிட்டதும் உண்டு. கதவு எப்படிப் படிப்படியாகச் சாத்தப்பட்டது என்பதற்கு இரண்டு வழக்குகள் போதும்.

1640இல் மூன்று கூலிகள் எஜமானிடமிருந்து ஓடி மேரிலாந்தில் பிடிபட்டார்கள். ஒருவர் டச்சுக்காரர், ஒருவர் ஸ்காட்லாந்துக்காரர், மூன்றாமவர் ஜான் பன்ச் என்ற கறுப்பர். மூவருக்கும் 30 கசையடி. வெள்ளையர் இருவருக்கும் எஜமானிடம் ஓராண்டும், அதற்கு மேல் குடியேற்ற அரசுக்கு மூன்று ஆண்டும் கூடுதல் வேலை. ஜான் பன்ச்சுக்கு மட்டும் ஆயுள் முழுக்க வேலை. செய்த குற்றமும் ஒன்று, ஓடிய நாளும் ஒன்று. தீர்ப்பைப் பிரித்தது நிறம்தான்.

இன்னொருவர் எலிசபெத் கீ. தாய் ஆப்பிரிக்கப் பெண், தகப்பன் ஆங்கிலேயர். தகப்பன் சுதந்திர மனிதர், தனக்கு ஞானஸ்நானம் ஆகியிருக்கிறது, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே தன்னை வேலைக்கு விட்டார்கள் என்று வாதாடி 1656இல் விடுதலை பெற்றார். ஆங்கிலேய வழக்கப்படி குழந்தைக்குத் தகப்பனின் நிலைதான் வரும். 1662இல் வர்ஜீனியச் சட்டசபை அந்த வழக்கத்தையே தலைகீழாக்கியது: குழந்தை அடிமையா சுதந்திர மனிதரா என்பது தாயின் நிலையைப் பொறுத்தது. ஐந்து ஆண்டு கழித்து, ஞானஸ்நானம் பெற்றாலும் அடிமை நிலை மாறாது என்றும் சட்டம் போட்டார்கள். எலிசபெத் கீ காட்டிய வழிகளில் இரண்டு அடைபட்டன.

1662ஆம் ஆண்டுச் சட்டம் என்ன செய்தது என்பதை வகுப்பில் நிதானமாக, ஆனால் ஒளிக்காமல் சொல்லுங்கள். அடிமைப் பெண்ணை எஜமான் பலாத்காரம் செய்து குழந்தை பிறந்தால், அந்தக் குழந்தை அவருடைய சொத்துக் கணக்கில் சேர்ந்தது. குற்றத்துக்குத் தண்டனை இல்லாததோடு லாபமும் வந்தது. ஒரு தாய் இறந்தால் அவளுடைய அடிமைத்தனம் முடியாது. மகளிடம் போகும், பேத்தியிடம் போகும். ஆங்கிலேய, ஐரிஷ் கூலிகளில் யாருக்கும், எவ்வளவு கொடுமைக்கு ஆளானவருக்கும், இந்த விதி எழுதப்படவில்லை. வேலைக்காரப் பெண்ணின் காலம் நீண்டது. அவள் வம்சம் விலைபோகவில்லை.

அயர்லாந்துக்காரர்கள் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கதை இணையத்தில் வேண்டுமென்றே திரித்துப் பரப்பப்படுகிறது. 1649இல் ஆங்கிலேயத் தளபதி கிராம்வெல் அயர்லாந்தின் மீது படையெடுத்த பிறகு, கைதிகளையும் ஆதரவற்றவர்களையும் அவர்கள் விருப்பத்தைக் கேட்காமலேயே கரீபியக் கடலில் உள்ள பார்படோஸ் தீவுக்கு அனுப்பினார்கள். அது கட்டாயக் கடத்தல்தான், சந்தேகமில்லை. 1640களின் கடைசியில் அந்தத் தீவில் இருந்த ஓர் ஆங்கிலேயர், அடிமைகளை விட வெள்ளைக் கூலிகளை மோசமாக நடத்துகிறார்கள் என்றே எழுதி வைத்திருக்கிறார். அடிமை ஆயுளுக்கும் சொந்தம் என்பதால் எஜமான் பார்த்துக்கொள்கிறார். கூலி ஐந்து வருஷத்தில் போய்விடுவார் என்பதால் அதற்குள் சக்கையாகப் பிழிந்துவிடுகிறார் என்பது அவர் சொன்ன காரணம். இந்தச் சாட்சியத்தை மாணவனிடம் மறைக்கத் தேவையில்லை. ஆனால் அந்த வாதத்திலேயே பதிலும் இருக்கிறது: ஒருவர் போய்விடுவார், மற்றவர் போக முடியாது. 1661இல் பார்படோஸ் சட்டசபை வேலைக்காரர்களுக்கு ஒரு சட்டம், கறுப்பின அடிமைகளுக்கு இன்னொரு சட்டம் என்று தனித்தனியாக இரண்டு சட்டம் இயற்றியது. அந்த அடிமைச் சட்டத்தை மாதிரியாக வைத்துத்தான் ஜமைக்காவிலும் கரோலைனாவிலும் எழுதினார்கள். இரண்டும் ஒன்று என்று அன்றைய தோட்ட முதலாளிகளே நினைக்கவில்லை. எண்ணிக்கையையும் சேர்த்துச் சொல்லுங்கள்: அட்லாண்டிக் அடிமை வியாபாரத்தில் ஆப்பிரிக்கக் கரையில் கப்பலேற்றப்பட்டவர்கள் சுமார் 1 கோடியே 25 லட்சம். அக்கரையில் உயிரோடு இறங்கியவர்கள் சுமார் 1 கோடியே 7 லட்சம்.

வர்ஜீனியாவில் கூலிகளின் இடத்தை அடிமைகள் பிடித்ததற்குக் காரணம் பல. இங்கிலாந்தில் பிழைப்பு கொஞ்சம் மேம்பட்டதால் வருகிறவர்கள் குறைந்தார்கள். 1698இல் ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியின் ஏகபோகம் போய், அடிமை வியாபாரம் மற்ற வியாபாரிகளுக்கும் திறந்துவிடப்பட்டது. 1676இல் பேக்கன் என்பவர் நடத்திய கலகத்தில் வெள்ளைக் கூலிகளும் கறுப்பு அடிமைகளும் சேர்ந்து ஆயுதம் தூக்கியதும், ஜேம்ஸ்டவுன் எரிந்ததும் முதலாளிகளை மிரட்டியது. எந்தக் காரணத்துக்கு எவ்வளவு எடை என்பதில் அறிஞர்களிடையே இன்னும் வழக்கு தீரவில்லை.

சரி, இனி மாணவிக்கு வருவோம். அவள் வீட்டுக் கதை நடப்பது இன்னும் இருநூறு வருஷம் தள்ளி, வேறு கடலில். பெரும்பாலான பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் 1834 ஆகஸ்ட் 1 முதல் அடிமை முறை ஒழிந்தது. மொரீஷியஸில் 1835 பிப்ரவரி 1. அடிமை முதலாளிகளுக்கு 2 கோடி பவுண்டு இழப்பீடு கிடைத்தது. அடிமைகளாக இருந்தவர்களுக்கு ஒரு காசும் கிடையாது. அதற்குப் பதிலாக 'பயிற்சிக் காலம்' என்ற பெயரில் இன்னும் சில வருஷம் பழைய எஜமானிடமே வேலை. கரும்பு வெட்ட வேறு ஆள் வேண்டுமே! 1834 நவம்பர் 2ஆம் தேதி கல்கத்தாவிலிருந்து 36 பேரோடு 'அட்லஸ்' கப்பல் மொரீஷியஸ் வந்து சேர்ந்தது. அங்கே சட்டம் நடைமுறைக்கு வரும் நாள்கூட இன்னும் வந்திருக்கவில்லை. 1840இல் பிரிட்டிஷ் குடியேற்ற அமைச்சராக இருந்த ஜான் ரஸ்ஸல் பிரபுவே, தென்னமெரிக்காவின் கயானாவுக்கு இந்தியக் கூலிகளை அனுப்புவது ஒரு புதிய அடிமை முறையில் போய் முடியலாம் என்று எழுதினார். அப்படியும், இடையில் நிறுத்தப்பட்டிருந்த கப்பல்கள் சில வருஷத்தில் மறுபடி ஓடத் தொடங்கின. 1917இல் நிற்பதற்குள் சுமார் 13 லட்சம் இந்தியர்கள் இந்த ஒப்பந்தத்தில் கடல் தாண்டியிருந்தார்கள்.

நேட்டாலுக்கு முதல் கப்பலே சென்னையிலிருந்து போனதுதான். 'ட்ரூரோ' கப்பல் 342 பேரோடு 1860 நவம்பர் 16 அன்று டர்பனில் நங்கூரம் போட்டது. 1911இல் ஆளனுப்புவது நிற்கும்வரை சுமார் 1,52,000 பேர் போனார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு சென்னை வழியாக. ஒப்பந்தம் ஐந்து வருஷம். முதல் வருஷம் மாதம் 10 ஷில்லிங், ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் உயர்வு, அரிசி பருப்பு உள்ளிட்ட படி. காகிதத்தில் பார்த்தால் இது வேலை ஒப்பந்தம்தான்.

ஆனால் ஒப்பந்தத்தை மீறினால் சிறை. இதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். இன்று வேலையை விட்டு நின்றால் முதலாளி வழக்குப் போட்டு நஷ்டஈடு கேட்கலாம். அன்று வேலைக்கு வராததும், தோட்டத்தை விட்டு அனுமதிச் சீட்டில்லாமல் வெளியே போவதும் குற்றம்; போலீஸ் பிடிக்கும். மொரீஷியஸில் ஒரு நாள் வராவிட்டால் இரண்டு நாள் கூலியைப் பிடித்தார்கள். நேட்டாலில் இந்தியர்களுக்கென்று 'பாதுகாவலர்' என ஓர் அதிகாரியை நியமித்தார்கள். அவரிடம் முறையிட முதலாளியின் அனுமதி இல்லாமல் கூட்டமாகப் போனால், முறையீடு உண்மையாகவே இருந்தாலும், அதற்கும் தண்டனை கிடைத்தது. 1894இல் பாலசுந்தரம் என்ற தமிழர், எஜமான் அடித்து முன்பற்கள் உடைந்து ரத்தம் ஒழுக, தலைப்பாகையைக் கையில் பிடித்தபடி காந்தியின் அலுவலகத்துக்கு வந்தார். அவ்வளவு காயத்தோடும் அவரால் வேலையை விட்டு விலக முடியாது; விலகினால் அவர்தான் குற்றவாளி. அதிகாரியிடம் பேசி ஒப்பந்தத்தை வேறு முதலாளிக்கு மாற்றுவதுதான் காந்தியால் செய்ய முடிந்தது. ஒப்பந்தக் கூலியும் அடிமையைப் போல எஜமானின் உடைமைதான் என்று காந்தி பின்னாளில் எழுதினார். ஆகவே மாணவியின் வீட்டில் அந்த வார்த்தையைச் சொல்வது அறியாமையால் அல்ல. அவள் பாட்டியைத் திருத்தச் சொல்லி அவளை அனுப்பாதீர்கள்.

அதே மூன்று கேள்விகளை இங்கேயும் வைத்துப் பார்க்கலாம். காலம் முடியுமா? முடியும். முறையிட முடியுமா? சட்டத்தில் முடியும், நடைமுறையில் பெரும்பாலும் முடியாது. குழந்தை? தோட்டத்தில் பிறந்த குழந்தை பெற்றோரின் ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டதல்ல. அது யாருடைய சொத்தும் அல்ல. இங்கேதான் அடிமை முறையிலிருந்து இது உறுதியாகப் பிரிகிறது.

ஆனால் நேட்டால் அரசு அந்தக் குழந்தையையும் விட்டுவைக்க மனமில்லாமல் இருந்தது. ஐந்து வருஷம் முடித்தவர் மறுபடி ஒப்பந்தம் போட வேண்டும், இல்லாவிட்டால் இந்தியாவுக்குத் திரும்ப வேண்டும், இரண்டும் செய்யாமல் தங்கினால் ஆண்டுக்கு 3 பவுண்டு வரி கட்ட வேண்டும் என்று 1895இல் சட்டம் போட்டார்கள். 3 பவுண்டு என்பது 60 ஷில்லிங். முதல் வருஷக் கூலிக் கணக்கில் ஆறு மாதச் சம்பளம். 1903இல் இந்த வரியை 16 வயது தாண்டிய பையன்கள் மீதும் 13 வயது தாண்டிய பெண் பிள்ளைகள் மீதும் விதித்தார்கள். புருஷன், பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு 12 பவுண்டு! வரி கட்ட வழியில்லாதவர் திரும்பவும் தோட்டத்துக்கே கையெழுத்துப் போட்டார். அடிமைச் சட்டம் தாயின் வயிற்றிலேயே செய்ததை இங்கே வரியால் செய்யப் பார்த்தார்கள். 1913இல் நிலக்கரிச் சுரங்கத்திலும் கரும்புத் தோட்டத்திலும் ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்தப் போராட்டத்தில் சிறைக்குப் போய் நோயோடு வெளியே வந்த தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரியில் இறந்தார். அந்த ஆண்டே வரி ஒழிந்தது. அடிமைகள் கிளர்ந்தெழாமல் இல்லை, எத்தனையோ முறை எழுந்தார்கள். ஆனால் வேலைநிறுத்தம் செய்து ஒரு சட்டத்தை நீக்கவைக்கும் வாய்ப்பு அவர்களுக்கு எங்கே இருந்தது?

ஏன் போனார்கள் என்றும் மாணவர்கள் கேட்பார்கள். பஞ்சம், ஆள்பிடிக்கிறவர்களின் பொய் வாக்குறுதி, இரண்டும் உண்மை. அதோடு நம் ஊரில் என்ன நடந்தது என்பதையும் சொல்லுங்கள். தமிழ்நாட்டு நெல் வயல்களில் பள்ளர், பறையர் மக்கள் தலைமுறை தலைமுறையாக நிலத்தோடு கட்டுண்ட ஆட்களாக இருந்தார்கள். அடிமை உரிமையை நீதிமன்றம் ஏற்காது என்று 1843இல் சட்டம் வந்த பிறகும், கடனின் பெயரால் பண்ணையாள் முறை வெகுகாலம் நீடித்தது. அப்படிப்பட்டவருக்கு ஐந்து வருஷத்தில் முடிந்துவிடும் என்று எழுதியிருந்த ஒரு காகிதம் நம்பிக்கையாகத் தெரிந்திருக்கும். எல்லாரும் ஏமாந்து போனவர்கள் என்று சொன்னால், தெரிந்தே துணிந்து போனவர்களின் முடிவை நாம் மதிக்காதவர்கள் ஆகிறோம்.

இலங்கைக்குப் போன குடும்பத்துப் பிள்ளைகள் வகுப்பில் இருந்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கே பெரும்பாலும் ஐந்து வருஷ ஒப்பந்தம் இல்லை, ஊரில் ஆள் திரட்டி மேற்பார்க்கும் கங்காணி வழியாகப் போகும் முறை. வழிச்செலவுக்கு வாங்கிய முன்பணமே கட்டிப்போடும் கயிறு. கடனைத் தீர்த்தால் ஆளை விடுகிறோம் என்று தோட்டம் எழுதிக் கொடுத்த சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர்; அந்தத் துண்டோடு ஆள் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குக் கைமாறினார், கடனும் கூடவே போயிற்று. அது 1921இல்தான் ஒழிந்தது. மலாயாவில் இரண்டு முறையும் இருந்தன; ஒப்பந்த முறை 1910இல் நிறுத்தப்பட்டது.

வகுப்பில் என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தால் நான் சொல்வது இதுதான்: இரண்டு பதிவேடுகளைக் கரும்பலகையில் வரையுங்கள். ஒன்று, அமெரிக்காவின் 1850, 1860ஆம் ஆண்டு அடிமைக் கணக்கெடுப்பு. அதில் எஜமானின் பெயர் இருக்கும். அதன் கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம். அடிமையின் பெயருக்குப் பொதுவாகக் கட்டமே இல்லை. இன்னொன்று, நேட்டால் கப்பல் பட்டியல். அதில் வரிசை எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், கிராமம் வரை இருக்கும். எண் போட்டு ஆளைச் சரக்காக்கிய பட்டியல்தான் அதுவும். ஆனாலும் அதில் ஒரு மனிதருக்கு ஊரும் தகப்பனும் இருந்தார்கள் என்பதைச் சட்டம் பதிந்து வைத்தது. முதல் பட்டியலில் உள்ளவர்களின் வம்சத்தினர் இன்று மூதாதையரைத் தேடும்போது பலருக்கு 1870 கணக்கெடுப்போடு பாதை மறைந்துவிடுகிறது, முதன்முறையாகப் பெயர் எழுதப்பட்டது அப்போதுதான் என்பதால். வித்தியாசத்தைப் பிள்ளைகளே கண்டுபிடித்துச் சொல்வார்கள்.

உங்கள் மாணவிக்கு அந்த இரண்டாவது பட்டியல் வெறும் பாடமாக நின்றுவிட வேண்டியதில்லை. டர்பன் ஆவணக் காப்பகத்தில் அந்தப் பதிவேடுகள் இருக்கின்றன, படியெடுத்த பட்டியல்கள் இணையத்திலும் கிடைக்கின்றன. தேடும்போது குடும்பப் பெயரை நம்ப வேண்டாம். கப்பலேறியவரின் சொந்தப் பெயர், தகப்பன் பெயர், கிராமம் ஆகிய மூன்றையும் வீட்டில் கேட்டு எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியதால் முனுசாமி மூன்சாமி ஆகியிருப்பார், ஊர்ப் பெயர் இன்னும் மோசமாகச் சிதைந்திருக்கும். மாவட்டப் பெயர்கள் அன்றைய எல்லைப்படி இருக்கும்; இன்றைய வேலூர், ராணிப்பேட்டைப் பக்கத்து ஊர்களை வட ஆற்காடு என்ற தலைப்பில் தேட வேண்டும். போன வருஷம் தோராயமாகத் தெரிந்தால் போதும், ஐந்தாறு வருஷம் முன்பின்னாகப் பார்த்துவிடலாம். பட்டியலில் பெயர் கிடைத்துவிட்டால் பக்கத்து வரிகளையும் விடாமல் படிக்கச் சொல்லுங்கள். ஒரே ஊரிலிருந்து அண்ணன் தம்பி, மனைவி, கைக்குழந்தை என்று அடுத்தடுத்த எண்ணில் பதிவாகியிருப்பது உண்டு.